குருத்வாரா திருப்பத்தில் கை மாற்றுதல்

பெங்களூர்க் குளிர் ஒரு குளிரா என்று டில்லிக்குப் போய்வந்தவர்கள் கேட்பார்கள். அவர்கள் யாரும் டிசம்பர் மாதத்தில் விடியும் முன்னே அல்சூர் ஏரிக்கரையில் சைக்கிள் மிதித்தவர்கள் இல்லை. காலுக்கு வேலை இருக்கிறது, அது தானே சூடாகிவிடும். காதுக்குக் குல்லாய் உண்டு. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைகள்தான் கேட்பாரற்றவை. ஏரிக்காற்று நேரே அவற்றைத் தேடித்தான் வரும்.

ராஜேந்திரனுக்கு ஒரு கிளப்பில் வேலை. டென்னிஸ் ஆடும் செம்மண் தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோடு போட்டு வைக்க வேண்டும். ஆட வருகிற பெரிய மனிதர்கள் விடிந்ததுமே வந்துவிடுவார்கள், அவர்களுக்கும் முந்த வேண்டும். அதனால் அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பிவிடுவார்.

இந்த இரண்டு வருஷமாகக் கை விறைக்காமல் இருக்க அவர் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. பால் கவரை மாட்டிப் பார்த்தார். உள்ளே வியர்த்து, முன்னைவிட மோசமாகக் குளிர்ந்தது. மகள் வீணாவின் பழைய ஸ்கூல் சாக்ஸில் கட்டைவிரலுக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார். கிளப் வாட்ச்மேன் சின்னப்பா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சாக்ஸ் மறுபடி பெட்டிக்குள் போனது. அவருக்கு என்றைக்கும் பலித்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அது தனக்கோடி.

தனக்கோடி அவர் மனைவி. போகிற வழியில் ஒரு அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள், கேரியரில் உட்கார்ந்து வருவாள். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் அவளாகவே, "கையக் குடு" என்றாள். அவர் இடது கையைப் பின்னால் நீட்டினார். அவள் அதை வாங்கிச் சால்வைக்குள் இழுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அவளுக்குச் சூட்டு உடம்பு. ஏரிக்கரை முழுக்க இடது கை. குருத்வாரா திருப்பம் வந்ததும் முதுகில் ஒரு தட்டு தட்டி, "கை மாத்து" என்பாள். அங்கிருந்து வலது கை. வருஷக்கணக்காக இப்படித்தான். பகலில் அவர்கள் வாயைத் திறந்தாலே சண்டைதான். ஆனால் அந்த இருட்டில் ஒரு நாள்கூடக் கை மாற்ற மறந்ததில்லை.

வீணாவின் நர்சிங் படிப்புச் செலவுக்காகத் தனக்கோடி மஸ்கட்டுக்குப் போனாள். அங்கே ஒரு வீட்டில், படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வருஷம் என்று பேச்சு. படிப்பு முடிந்து, வீணாவும் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வேலை கிடைத்து பிஜி ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். இரண்டு வருஷமும் முடியப்போகிறது. ராஜேந்திரன் யாரிடமும் சொல்லாமல் கேரியருக்குப் புது ஸ்பாஞ்ச் வாங்கி, மேலே ரெக்சின் தைத்துப் போட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்த தனக்கோடி, "மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கியான்னு கேக்கறாங்க. இன்னா சொல்லட்டும்?" என்றாள்.

வந்துவிடு என்பது அவருக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் பெண்டாட்டி இல்லாமல் முடியவில்லை என்று இந்த வயதில் எப்படிச் சொல்வது? வீராப்பு வந்து முன்னால் நின்றுகொண்டது. வீணா வாங்கி அனுப்பியிருந்த கையுறையை எடுத்துக் காட்டினார்.

"இதப் பாரு, உன் பொண்ணு அனுப்பினா. போட்டுக்கினா கை அடுப்பாட்டம் இருக்கு. இங்க ஒரு குறையும் இல்ல. உன் இஷ்டம்."

தனக்கோடி கையுறையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள். அந்தக் கையுறையை அவர் ஒரு நாளும் போட்டதில்லை. அது ஆணியில் தொங்கியது.

வியாழக்கிழமை காலை, பக்கத்து வீட்டுச் சாந்தகுமாரிக்கு வழக்கமாக வரும் ஆட்டோ வரவில்லை. "அண்ணா, என்னையும் அந்தப் பக்கம் இறக்கி விட்டுடுங்க," என்று கேரியரில் ஏறிக்கொண்டாள். புது ஸ்பாஞ்சில் முதலில் உட்கார்ந்தது அவள்தான். அவருக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. ஏரிக்கரை வந்தது. காற்று வீசியது. இத்தனை நாளுக்குப் பிறகு பின்னால் ஓர் ஆளின் பாரம். டென்னிஸ் கோர்ட்டில் கோடு போடச் சுண்ணாம்பு கரைக்க வேண்டுமே என்று அவர் யோசித்துக்கொண்டிருக்க, இடது கை அதுபாட்டுக்குப் பின்னால் போய் நீண்டது.

சாந்தகுமாரி ஒன்றும் புரியாமல், மடியிலிருந்த டிபன் பாக்ஸை அதில் வைத்தாள். "நானே குடுக்கலாம்னு இருந்தேன். பிடிச்சிக்க ஒரு கை வேணும் எனக்கு."

ராஜேந்திரனுக்கு மானம் போயிற்று. திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. உள்ளே சூடாக உப்புமா இருந்திருக்க வேண்டும், கை இதமாகச் சூடேறியது. கண்ணில் நீர் வந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டார். குருத்வாரா திருப்பத்தில் டிபன் பாக்ஸை வலது கைக்கு மாற்றினார். தனக்கோடி சாந்தகுமாரியிடம் எதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறாள்? அந்தக் கை எதற்கு நீண்டது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் போன் அடித்தது.

"இன்னா வீணாப்பா, சாந்தகுமாரிகிட்ட கைய நீட்டினியாமே?" தனக்கோடி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "கையுறை எங்க போச்சு?"

"ஆணியில கீது."

"ஏன்?"

அவர் சுவரைப் பார்த்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

"குளிருது தனம்," என்றார்.



"இத ஞாயித்துக்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா?" அவள் குரல் இறங்கியிருந்தது. "காலையிலதான் மேடம்கிட்ட சரின்னேன். விசாவுக்குப் பாஸ்போர்ட்ட வாங்கினு போயிட்டாங்க." பிறகு, "நாளைக்கு அதப் போட்டுக்கினு போ," என்றாள்.

மறுநாள் கையுறையை மாட்டிக்கொண்டுதான் கிளம்பினார். ஏரிக்கரையில் கை குளிரவே இல்லை. குருத்வாரா திருப்பம் வந்தது. ராஜேந்திரன் மிதிப்பதை நிறுத்தி, முதுகில் ஒரு தட்டு விழ ஆகும் நேரம் காத்திருந்துவிட்டுத்தான் திரும்பினார்.