லான்டி மவுன்சி கை கொடுத்த கதை

கம்பர்லாந்து மலைப்பக்கத்தில் ஆட்டுச் சந்தை நாளன்று குஸ்தி பிடிக்கிறவர்களில் லான்டி மவுன்சியைப்போல் அழகாக உடுத்துகிறவரும் கிடையாது, அவரைப்போல் சீக்கிரம் விழுகிறவரும் கிடையாது. நீளமான வெள்ளைக் கால்சட்டைக்கு மேலே அவர் மாட்டும் வெல்வெட் ஜட்டியில் மனைவி ஆக்னஸ் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பூவேலை செய்திருப்பாள். உடையழகுப் பரிசு வருஷா வருஷம் லான்டிக்குத்தான். குஸ்தியில் மட்டும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. அவர் பால் லாரி ஓட்டிப்போகிற பண்ணையிலெல்லாம் இதே கேலி.

"என்ன லான்டி, இந்த வருஷம் எந்தப் பூவைத் தரையில தேய்க்கப் போறே?"

"உன் மூஞ்சியத்தான் தைக்கச் சொல்லியிருக்கேன். தேஞ்சா யாருக்கும் நஷ்டமில்ல."

அந்த ஆகஸ்டில் போல்டன் நகரத்திலிருந்து டெரிக் ஹாஸ்லம் என்ற இளைஞன் விடுமுறைக்கு வந்து கூடாரம் அடித்திருந்தான். தொழிற்சாலையில் கடைசல் வேலை. மாலையில் மெத்தைமேல் குஸ்தி. கோப்பைகள் வாங்கியவன். சந்தைக் குஸ்திக்கு வேடிக்கையாகப் பெயர் கொடுத்தான். சீட்டுக் குலுக்கியதில் லான்டிக்கு எதிரே வந்து நின்றான்.

"அவர் முதுகுக்குப் பின்னால கையைக் கோத்துக்கோ," என்றார் நடுவர். "கோத்த கை பிரிஞ்சா தோல்வி. பாதம் தவிர வேற எது தரையில பட்டாலும் தோல்வி. மூணு ஆட்டத்துல ரெண்டு ஜெயிக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

புரிந்தது தலைக்கு. உடம்புக்குப் பத்து வருஷ மெத்தைப் பழக்கம். ஒருவர் தோளில் ஒருவர் தாடையை வைத்துப் பிடித்தார்கள். நடுவர் குரல் கொடுத்ததுதான் தாமதம், டெரிக் கையை உதறிவிட்டு லான்டியின் கால்களை வாரினான். லான்டி மல்லாந்தார். அவர் தோள்கள் இரண்டையும் புல்லில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜெயித்தவனாக டெரிக் நடுவரைப் பார்த்தான்.

"தம்பி, எந்திரி," என்றார் லான்டி அடியிலிருந்து. "நான் ஜெயிச்சுட்டேன்."

"கீழ கிடக்கிறது நீங்கதானே!"

"கிடக்கிறது நான்தான். தோத்தது நீ. கையை விட்டுட்டியே."

இரண்டாம் முறை டெரிக் பசை போட்டதுபோல் பிடித்திருந்தான். ஆனால் அடியில் நுழைய நினைத்து முழங்காலை ஊன்றிவிட்டான். ஒரு பிடியும் போடாமல் லான்டி அடுத்த சுற்றுக்குப் போனார். அங்கே ஒரு கொல்லர் அவரைத் தூக்கி அடித்ததில் ஜட்டியின் தையல் விட்டு, உடையழகுப் பரிசும் போயிற்று.

"ஒழுங்கா முதல்லயே தோத்திருக்கலாம்ல, மனுஷா?" என்றாள் ஆக்னஸ்.

பீர் கூடாரத்தில் டெரிக் வந்து உட்கார்ந்தான். "என்னண்ணே குஸ்தி இது? விழுந்ததும் முடிஞ்சுபோகுது. எங்க ஊர்ல விழுந்த பிறகுதான் ஆட்டமே. ரெண்டு தோளும் மெத்தையில அமுங்கினாத்தான் தோல்வி."

"விழுந்தவனைப் போட்டு அமுக்குறதா? அசிங்கமா இல்ல?"

"வந்து பாருங்க."

நவம்பரில் லான்டி ஆக்னஸையும் கூட்டிக்கொண்டு, டெரிக்கோடு மெத்தைமேல் மோத போல்டனுக்குப் போனார். இரவல் வாங்கின உடை உடம்போடு ஒட்டிக்கொண்டது. "ஒரு பூகூட இல்லையே," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னல் ஊசியை எடுத்தாள்.

விசில் ஊதியது. டெரிக் குனிந்து சுற்றிச் சுற்றி வந்தான். லான்டி, ரயிலடியில் சொந்தக்காரரைக் கட்டிக்கொள்ளக் காத்திருப்பவர்போல் கைகளை விரித்தபடி நின்றார். நெருங்கியவனின் முதுகுக்குப் பின்னால் அவர் கைகள் தாமாகவே கோத்துக்கொண்டன. இருபது வருஷமாக வராதது அன்றைக்கு வந்தது: இடுப்பு திரும்பியது, டெரிக் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தொப்பென்று விழுந்தான்.

லான்டி பிடியை விட்டார். நிமிர்ந்தார். மரியாதையாகக் கை நீட்டினார்.

டெரிக் அந்தக் கையைப் பிடித்து இழுத்தான். அப்புறம் லான்டிக்குத் தெரிந்தது கூரை விளக்குதான்.

ஆக்னஸ் நூல்கண்டு உருள மெத்தைமேல் ஏறினாள். "யோவ் நடுவரே! முதல்ல விழுந்தது அவன்!"

"அம்மா, மெத்தையில ஷூவோட ஏறக்கூடாது."

"ஷூ கிடக்கட்டும். கை குடுக்க வந்தவரை இழுத்துப் போடுறது எந்த ஊர் நியாயம்?"

டெரிக்கே தேநீர் வாங்கிக் கொடுத்து அவளை இறக்கினான்.

திரும்பும்போது பேருந்தில் ஆக்னஸ் பின்னலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்: "அந்த இடுப்பு வீச்சு எப்படிப் போட்டே?"

"எனக்கே தெரியல."

"போட்டுக் காட்டு."

"இங்கேயா?"

"பின்ன?"

லான்டி எழுந்து, அவளையும் எழுப்பி, இருக்கைகளுக்கு நடுவில் நின்று, மனைவியின் தோளில் தாடையை வைத்தார்.

"பெரியவரே," என்றார் நடத்துனர், "அதெல்லாம் வீட்டுல போய் வச்சுக்குங்க. டிக்கெட் எடுங்க."