மூட்டையோடு நேராக ஓடிய கார்

ராயபுரத்தில் என் தாய்மாமா மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்துவந்தார். அவருடைய பழைய காரில் சரக்கு ஏற்றிப் போவது என் வேலை. அது போனால் கிடங்குதான். நாள் முழுக்க மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டிருக்க வேண்டும். தத்துவத்தில் பட்டம் வாங்கியவனுக்கு அந்த ஸ்டியரிங் ஒன்றுதான் மிச்சமிருந்த கௌரவம்.

சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கம்பெனி துரைமார் கார்ப் பந்தயம் விட்டார்கள். நானும் ஓட்டுகிறேன் என்றேன். கதவில் கடைப் பெயரை எழுதி அவர்கள் நடுவே ஓடவிட்டால் நல்லதுதான் என்று மாமாவுக்கும் பட்டது. ஆனால் முன்பக்கம் இரண்டும் புது டயர்.

“ஏலே, போன மாதிரியே திரும்பி வரணும். தேய்ஞ்சு வந்துதுன்னா சாவியக் குடுத்துட்டுக் கிடங்குல போயி உக்காரு.”

கல்மண்டபத்து மெக்கானிக்கிடம் சக்கரங்களை நேர் பிடிக்கக் கொடுத்தேன். முன்சக்கரங்களுக்கு நடுவே மூங்கில் குச்சியை வைத்து, முன்னும் பின்னும் இடைவெளி ஒன்றுதானா என்று பார்ப்பார். எங்கள் தெரு வண்டி எதுவும் காலியாக ஓடியதில்லை. பாரத்தில் வண்டி அமுங்கினால் சக்கரத்தின் கோணமும் மாறும் என்பதால், மூட்டைகளை ஏற்றிவைத்துத்தான் அளப்பார். அன்றும் அப்படித்தான் அளந்தார்.

பந்தயத்துக்கு மிளகாயோடா போவார்கள்? வேடிக்கை பார்க்கக் கூடவே வந்த மெக்கானிக்கும் நானுமாக மூட்டைகளை இறக்கினோம். வண்டி மூச்சு விட்டு நிமிர்ந்தது. முன்சக்கரங்கள், கல்யாண வீட்டில் ரகசியம் பேசும் சம்பந்திகளைப் போல, ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிக்கொண்டன. எங்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை. பந்தயத்தில் டயர்கள் கிறீச்சிட்டதை வேகத்தின் சத்தம் என்று எண்ணி, பெருமையோடு இன்னும் அழுத்தினேன்.

எல்லாருக்கும் கடைசியாக வந்து நின்றபோது ரப்பர் தீய்ந்த நாற்றம். டயர்களின் வெளி ஓரம் கத்தியால் சீவியதுபோல் வழுக்கை. உள் ஓரத்தில் புது ரப்பரின் பூனைமுடிகூட உதிரவில்லை. ஒரு துரை குனிந்து பார்த்துத் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். சொன்னது எனக்குப் புரிந்தது. நான் படித்த இங்கிலீஷ் அன்று அதற்குத்தான் பயன்பட்டது.

“மூட்டையோட நேராத்தான் நைனா இருந்துச்சு. உன்னை யாரு எறக்கச் சொன்னது?” என்றார், கடைசி மூட்டையைத் தன் கையாலேயே இறக்கியிருந்த மெக்கானிக்.

மாமா டயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பாரம், கோணம் என்று நான் விளக்கியதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

“அப்பம் மூடை இருந்தாத்தான் நேராப் போவும்.”

“ஆமா மாமா.”

“நீயும் அப்பிடித்தாம்லே” என்று சாவிக்குக் கையை நீட்டினார்.

மறுநாள் கிடங்கில், நான் உட்காருவதற்கென்று அந்த டயர்களில் ஒன்றைப் போட்டிருந்தார்கள். கொள்முதலுக்கு யார் வந்தாலும் மாமா என்னை எழுப்பிவிட்டு, அதை நிமிர்த்திக் காட்டிக் கதையைச் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள், நடுநடுவே தும்முவார்கள். எனக்குத் தும்மல் நின்று வெகுகாலம் ஆகிறது.