என்னை அழைக்காத வளைகாப்பு

தெலுங்கு பேசும் ஊரான குகட்பள்ளியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் நான்கு தமிழ்க் குடும்பங்கள். எல்லாரும் சாஃப்ட்வேர் வேலைக்காக வந்தவர்கள். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் நான்கு வீட்டு அடுப்பும் எரியும். அந்த வருஷம் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் எனக்குக் குழந்தை தங்காமல் போனது. அதன் பிறகு நான் வந்தால் குழந்தைப் பேச்சு சட்டென்று நின்று காய்கறி விலை தொடங்கும். எனக்கு எரிச்சலாக வரும். காய்கறி விலை எனக்கும் தெரியும்.

கீழ் வீட்டு மதுரைப் பெண்ணுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். என்னை அழைக்கவில்லை. அழைத்தால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதாகிவிடும் என்று மூன்று வீடும் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அது தெரியாத எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மா, முந்தின நாள் சாயங்காலம் வந்து, நாளைக்கு என்ன புடவை கட்டப்போகிறாய், சேர்ந்தே போகலாமா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரியும்.

உன் மனசு நோகக்கூடாது என்றுதான் செய்திருப்பார்கள் என்றார் கணவர். நோகுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், கையில் கிடைத்தவர் அவர்தான்.

சற்று நேரத்தில் கீழ் வீட்டுப் பெண்ணே மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். தெலுங்கு அம்மா சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு, "நாங்களாவே முடிவு பண்ணிட்டோம்க்கா. உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றாள். நான் தம்ளரை வாங்கி வைத்தேன். அவள் எழுந்து போகவில்லை. "உங்க பிள்ள உதைக்கிறப்ப எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளையைப் பற்றி அதுவரை என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. மீட்டிங்கில் மேனேஜர் வாயைத் திறந்தால் போதும், உதைப்பான் என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், அப்படியே அழுகை வந்துவிட்டது. அழாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவளுக்கு வந்ததில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் போனேன். நான் வளையலை எடுத்ததும் அவள் மாமியாரின் முகம் மாறியது. சகுனம் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது, வளையலைத் திரும்பத் தட்டில் வைக்கப் போனேன். அவள் வலது கையை நீட்டினாள். போட்டுவிட்டு நகரப் பார்த்தேன். இடது கையையும் என்னிடமே நீட்டினாள்.