நடுப்பகலில் பதினோரு விளக்கு

பூண்டிக்கு மேலே பதினோரு வீடுகள் உள்ள ஒரு சிற்றூரில் நான் ஓராசிரியர் பள்ளியின் டீச்சர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. பங்குனி உத்திரத்துக்கு ஊரே காவடி எடுத்துப் பழனிக்கு நடந்துவிட்டது, கைக்குழந்தை உட்பட. எனக்குக் காலில் சுளுக்கு. அழாத குறையாக வழியனுப்பி வைத்தேன்.

அன்றைக்கென்று பார்த்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் குடிக்கணக்கு எடுக்க மலையேறி வந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தவர், நோட்டைத் திறந்து, "பேச்சிராக்" என்றார்.

"அப்படின்னா?"

"ஆள் இல்லாத ஊருன்னு அர்த்தம், டீச்சர். நவாப் காலத்துப் பாரசீகச் சொல்லு. 'பே'ன்னா இல்லாம. 'சிராக்'னா விளக்கு. விளக்கு எரியாத ஊரு."

ஊரே இல்லையென்று எழுதிவிட்டால் பள்ளிக்கூடம் ஏது, என் வேலை ஏது? "எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்காங்க சார். நான் ஒருத்தி இருக்கேன்ல?"

"நீங்க அய்யம்பாளையத்துக்காரவுக. கணக்குல வர மாட்டீங்க."

"அப்ப ஒரு வாரம் கழிச்சு வந்து பாருங்க."

"இந்த மேட்டை இன்னொருக்கா எவன் ஏறுறது?"

வந்ததே எனக்குக் கோபம்! "விளக்குதானே சார் வேணும்? இருங்க" என்று கிளம்பினேன். கதவுகளைக் கயிற்றால்தான் கட்டியிருந்தார்கள். நொண்டி நொண்டி ஒவ்வொரு வீடாகப் புகுந்து, சிம்னி விளக்கை ஏற்றி வாசலில் வைத்தேன். மேலே சுள்ளென்று வெயில். காற்று வேறு, ஒன்றை ஏற்றினால் இன்னொன்று அணைந்தது. கடைசியில் இன்ஸ்பெக்டரே தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்தார். "போதும் தாயே" என்று கும்பிட்டு, 'குடியிருப்பு உண்டு' என்று எழுதிவிட்டு இறங்கினார். மனம் மாறித் திரும்பிவிடுவாரோ என்று பொழுது சாயும்வரை நான் ஒன்றையும் அணைக்கவில்லை.

ஆறாம் நாள் ஊர் மொட்டைத்தலையோடு திரும்பியது. எந்த வீட்டு விளக்கிலும் சொட்டுச் சீமெண்ணெய் இல்லை.

"ஏன் டீச்சர், எண்ணெயைக் குடிச்சீகளா?" என்றார் ஊர்த்தலைவர்.

நடந்ததைச் சொன்னேன். அன்றே ஊர் கூடியது. இனி உத்திரத்துக்கு உள்ளூர் ஆள் ஒருவர் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று முடிவானது. யார் என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"டீச்சரும் நம்மூரு ஆளுதானே, அவுக இருக்கட்டும்" என்றார் தலைவர்.

நம்மூரு ஆள் என்றதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் சரியென்று தலையாட்டித் தொலைத்தேன். ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன். ஒரு உத்திரம்கூடப் பார்க்கவில்லை.