கப்பலில் பாடமாக்கிய பதில்கள்

அரைத்தவணை விடுமுறைக்கு வகுப்பில் எல்லோரும் விமானம் ஏறிப் போக, நாங்கள் மட்டும் ரயிலிலும் கப்பலிலுமாக ஆம்ஸ்டர்டாம் போனோம். அப்பாவுக்கு விமானம் என்றால் பயமில்லை, விமான நிலையம் என்றால்தான் பயம். அங்கே கேள்விகள் அதிகம் என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. செவன் கிங்ஸில் எங்கள் வீட்டிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குப் போய், அங்கே ஹாரிச் துறைமுகத்துக்கு ரயில் பிடித்தோம். அது வந்த வழியே திரும்பி, எங்கள் செவன் கிங்ஸில் நிற்காமலே பறந்தது. இரண்டு நாள் ஊர் சுற்றப் போகிற அப்பா கோட்டும் சூட்டும் போட்டுக் கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார். அம்மா மட்டும் கவலையில்லாமல் வழிக்குச் சாப்பிடப் பொரித்து வந்த றோல்ஸ் பெட்டியைத் திறந்தார்.

ரயில் வேகம் பிடித்ததும், துறைமுகத்தில் அதிகாரிகள் கேட்டால் என்ன சொல்வது என்று அப்பா பாடம் தொடங்கினார். ஏன் போகிறோம்? எத்தனை நாள்? எங்கே தங்குகிறோம்? அதோடு விட்டாரா? எங்கள் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று கேட்டார். நான் நீலம் என்றேன், தம்பி பச்சை என்றான். உண்மையில் அது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறம். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நீலம். ஆர் கேட்டாலும் நீலம். எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லவேணும், விளங்குதோ?"

"நாங்கள் ஊர் பாக்கத்தானே போறம்," என்றார் அம்மா. "இப்ப எங்களிட்டை பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்கு. பிள்ளையளை ஏன் போட்டு வதைக்கிறியள்?"

"ஓம், இருக்கு," என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூட ஆசிரியையின் பெயர் என்ன என்று கேட்டார்.

பதில் பிழையானால் எங்களில் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள் என்று, யாரும் சொல்லாமலே நானாக முடிவு கட்டிவிட்டேன். பிழைவிடப் போவது தம்பிதான் என்பதிலும் சந்தேகமில்லை. ஒரு கேள்விக்கு அவன் இரண்டு தரம் ஒரே பதிலைச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. கப்பலில் எங்களுக்கு நாலு படுக்கை உள்ள சின்ன அறை. கடல் எங்களைத் தூக்கித் தூக்கி வைக்க, நான் மேல் படுக்கையில் கிடந்தபடி கீழே எட்டிப் பார்த்து, கதவு என்ன நிறம் என்று அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன் சிவப்பு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். சனியன், வேண்டுமென்றேதான் சொன்னான்.

காலையில் ஹொலண்ட் துறைமுகத்தில் வரிசையில் நின்றோம். என் தோளில் இருந்த அப்பாவின் கை வேர்த்து ஈரமாகியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி நாலு பாஸ்போர்ட்டையும் திறந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், திருப்பித் தந்தார். அவ்வளவுதான். அப்பா நகரவில்லை. "ஹொலிடே, டூ நைட்ஸ், ஹோட்டல்" என்று தானாகவே சொல்லத் தொடங்கினார். அதிகாரி சிரித்துக்கொண்டே, போகலாம் என்று வழியைக் காட்டினார்.

வெளியே ரயில் மேடையில் இருந்த மர வாங்கில் அப்பா பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஒண்டுமே கேக்கேல்லை," என்றார். மறுபடியும் அதையே சொன்னார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். இவ்வளவு பாடமாக்கிய பிறகு சோதனையே வைக்காமல் விட்டதில் எனக்கும் ஆத்திரம்தான். அப்பாவுக்கும் அதே துக்கம் என்று நினைத்தேன்.

அப்பா இளந்தாரி வயதில் அகதியாக ஐரோப்பாவுக்கு வந்து இறங்கியபோது, இப்படி ஒரு துறைமுகத்தில் அவரையும் அவருடைய தம்பியையும் வெவ்வேறு அறைகளில் இருத்திக் கேள்வி கேட்டார்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியவந்தது. இருவர் சொன்னதும் ஒத்துவரவில்லை. அப்பாவை நம்பினார்கள், தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சித்தப்பாவை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா அழுகிறார், அவரைத் தேற்ற வேண்டும் என்பது மட்டும்தான். பக்கத்தில் போய் இருந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஏலுமான ஆறுதலைச் சொன்னேன்.

"கவலைப்படாதேங்கோ அப்பா. திரும்பிப் போகேக்கை கட்டாயம் கேப்பினம்."