கிழித்த சனிக்கிழமை

எங்கள் வாசற்கதவிலிருந்து சமையலறை வரை பத்தொன்பது காலடி. மேல்மாடிக்குப் பதின்மூன்று படி. நிலக்கீழ் அறைக்குப் பதினான்கு, ஆனால் அதில் இறங்க எனக்கு அனுமதி இல்லை. கனடாவில், மோர்னிங்சைட்டில் இருக்கும் இந்த வீட்டைப் பதினொரு மாதமாக இப்படி அளந்துகொண்டிருந்தேன். இலங்கை நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் வரைந்தவன். சும்மா இருந்தாலும் கண் அளக்கும்.

போன குளிர்காலத்தில் வாசலில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தேன், முழங்காலில் அடி. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். திரும்பி வந்தபோது கதவில் பழைய பூட்டு இல்லை. எண்கள் அழுத்தும் பூட்டு ஒன்றும், பக்கத்தில் கமரா வைத்த அழைப்பு மணியும் இருந்தன. உள்ளிருந்து யாரும் திறக்கலாம். சாத்தினால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். மறுபடி உள்ளே வர நாலு எண்களை அழுத்த வேண்டும். அந்த எண்களை மகன் எனக்குச் சொல்லவில்லை. ஆறு தரம் கேட்டேன்.

"சொன்னா நீங்கள் வெளிக்கிட்டிடுவியள், அப்பா. திரும்ப விழுந்தா ஆர் பாக்கிறது?"

என்னை யாரும் அடைத்து வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. வெளியே போகலாம், திரும்பி வரத்தான் வழி இல்லை. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனால் பின்னேரம் நாலு மணிவரை குளிரில் நிற்க வேண்டும். நான் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. தெருமுனை பஸ் தரிப்பில் ஆட்கள் குந்தியிருக்க ஒரு வாங்கு இருக்கிறது. அதுவரை தனியாக நடந்து, கொஞ்ச நேரம் இருந்து, தனியாகவே திரும்ப வேண்டும். அதற்காக ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி கதிரையில் இருப்பேன். பதினொன்றரைக்குக் கழற்றி வைப்பேன். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நவம்பரில் பேத்தியும் அவளுடைய சிநேகிதியும் பள்ளிக்கூடத்துக்காக ஒரு படம் எடுக்கத் தொடங்கினார்கள். முழுப் படம் இல்லை. ஒரு குடும்பக் கதையின் தொடக்கம் மட்டும், இரண்டு நிமிடம். சமையலறை மேசையில் கட்டம் போட்ட தாள்களைப் பரப்பி ஒவ்வொரு காட்சியையும் கீறி வைத்திருந்தார்கள். எட்டுக் கட்டம். மூன்றாவது கட்டத்தில் கதவின் பிணைச்சல் தப்பான பக்கத்தில் இருந்தது.

"உந்தக் கதவு உப்பிடித் திறக்காது, பிள்ளை" என்று பென்சிலை வாங்கித் திருத்தினேன்.

"அப்பப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்கெட்ச்" என்றாள் பேத்தி.

"ஸ்கெட்ச் எண்டாலும் கதவு கதவுதானே."

திருத்தும்போதுதான் அடுத்த கட்டத்தைக் கண்டேன். ஒரு கிழவன் கதவுக்கு எதிரே கதிரையில் இருக்கிறான். காலில் சப்பாத்து. அதைப் பேத்தி எங்கே கண்டாள் என்று நான் கேட்கவில்லை.

"கிழவனா ஆர் நடிக்கிறது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "நீங்கள் நடிக்கத் தேவையில்லை, அப்பப்பா. சும்மா இருந்தாக் காணும்" என்றாள் சிநேகிதி.

மகனும் மருமகளும் பிக்கரிங்கில் ஒரு கலியாணத்துக்குப் போன சனி, ஞாயிறு இரண்டு நாளிலும் படம் பிடிப்பது என்று முடிவாயிற்று. முதல் காட்சி இதுதான்: வெளியே ஒரு கை பூட்டில் எண்களை அழுத்துகிறது, கதவு திறக்கிறது, உள்ளே கதிரையில் நான். இடையில் வெட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். கை பேத்தியுடையது. சிநேகிதி ஃபோனை முக்காலியில் பூட்டி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை அந்தக் காட்சியைப் பதினொரு தரம் எடுத்தார்கள். பதினொரு தரமும் நான், சாத்தியிருந்த கதவுக்கு உள்ளே இருந்து, வெளியே நாலு 'பீப்' ஒலிப்பதைக் கேட்டேன். நாலும் ஒரே சத்தம். கதவு திறக்கும், வெளிச்சம் முகத்தில் அடிக்கும், குளிர் வந்து காலைத் தொடும். "கட்!" பிறகு கதவைச் சாத்துவார்கள். ஐந்தாவது தரத்தில் எனக்கு மூச்சு முட்டுவது போல இருந்தது. சொன்னால் நிற்பாட்டிவிடுவார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

"சூப்பர், அப்பப்பா! அந்த ஃபேஸ் அப்பிடியே இருக்கட்டும்" என்றாள் சிநேகிதி.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வழக்கம்போல, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சனிக்கிழமையைக் கிழித்தேன். தமிழ்க் கடையில் வருடா வருடம் இனாமாகக் கொடுக்கும் நாட்காட்டி அது. பெரிய எழுத்தில் திகதி, கீழே ராகு காலம். கிழித்த தாளை நாலாக மடித்து, பின்பக்கத்தில் அன்றைய பிரஷரையும் சீனியையும் எழுதிச் சட்டைப்பையில் வைப்பேன். அன்றும் அப்படியே செய்தேன்.

பத்து மணிக்கு என் முகத்தைக் கிட்ட வைத்து ஆறு தரம் எடுத்தார்கள். பிறகு இரண்டு நாள் படத்தையும் ஒட்டிப் பார்த்தபோது பேத்தி கத்தினாள்.

"ஓ மை கோட்! அப்பப்பா, உதை ஏன் கிழிச்சனீங்கள்?"

என் தலைக்குப் பின்னால் நாட்காட்டி. கதவு திறக்கும்போது பதினைந்து, என் முகம் தெரியும்போது பதினாறு.

"விடிஞ்சாக் கிழிக்கிறதுதானே, பிள்ளை."

"கதையில இன்னும் விடியேல்லை!" என்றாள் சிநேகிதி.

சட்டைப்பையிலிருந்து சனிக்கிழமையை எடுத்துக் கொடுத்தேன். செலோரேப் போட்டு நாட்காட்டியில் ஒட்டினார்கள். நாலு மடிப்பும் அப்படியே தெரிந்தது. ஒரு மூலை காதுபோல் விரிந்து நின்றது. என் சீனி அளவு வேறு பின்னாலிருந்து ஊறித் தெரிந்தது.

"சரிவராது. கதவு சீனைத் திரும்ப எடுப்பம்" என்றாள் பேத்தி. நாளைக்குக் கொடுக்க வேண்டும். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தத் தாளைவிடச் சின்னதாக மடிந்துபோகலாம் போலிருந்தது.

அதற்குள் வெயில் வீட்டின் மறுபக்கம் போய்விட்டது. பூட்டு இருட்டில் கிடந்தது. சிநேகிதி ஒரு வெள்ளைக் காகித மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பப்பா, இதைப் பிடியுங்கோ. வானத்து வெளிச்சம் இதில பட்டுப் பூட்டில விழவேணும். கதவு திறக்கேக்க ஓடிப்போய் இருக்க ஏலாதுதான். உங்கட கதிரைப் பக்கத்தை வேறயா எடுத்து ஒட்டுவம்."

கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பதினொரு மாதத்தில் முதல் தடவையாக, ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ அல்லாமல் வெளியே நின்றேன். பூட்டுக்கும் என் முகத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. கமராவுக்கு எண்கள் தெரியாதபடி பேத்தி கையைச் சரித்து வைத்திருந்தாள். "நம்பர் தெரிஞ்சா அப்பா ஏசுவார்" என்று இரண்டு தரம் சொன்னாள். மட்டை பிடித்த என்னை அவள் நினைக்கவில்லை.

ஏழு தரம் எடுத்தார்கள். மூன்றாவது தரத்திலேயே எனக்கு நாலு எண்ணும் பிடிபட்டுவிட்டன. மிச்ச நாலு தரமும் சரிபார்த்தேன்.

"அப்பப்பா, லைட் ஆடுது!"

"குளிருது, பிள்ளை" என்றேன்.

திங்கள் மாலை தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார்கள். கதவு திறக்கிறது, கிழவன் நிமிர்கிறான், எழும்பிக் கதவுப் பிடியில் கை வைக்கிறான். திரை கறுத்துப் பெயர் விழுகிறது. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு செக்கன்.

என் சப்பாத்தை மகன் இரண்டு தரம் பார்த்தான், திரையில் ஒருமுறை, வாசல் மூலையில் ஒருமுறை.

"பிறகு என்ன நடக்குது?"

"தெரியாது அப்பா. ரீச்சர் ஓப்பனிங் மட்டும்தான் கேட்டவ."

"அப்ப அந்தாள் வெளியில போகுதோ, இல்லையோ?"

"அப்பப்பாட்டைக் கேளுங்கோ" என்றாள்.



அன்று படுக்கையில் அந்த நாலு எண்களையும் கூட்டினேன், பெருக்கினேன். எண் தெரியாத காலத்தில் பூட்டைக் குறை சொல்லலாம். இப்போது குறை சொல்ல என் முழங்கால்தான் மிச்சம்.

செவ்வாய் பத்து மணிக்குச் சப்பாத்தைப் போட்டேன். கதிரையில் இருக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, சாத்தினேன். 'கிளிக்' என்று பூட்டியது. இரண்டாவது படியில் கால் வைக்கும்போது அழைப்பு மணிக்குள்ளிருந்து மகனின் குரல் வந்தது. வேலையில் இருந்து ஃபோனில் பார்த்திருக்கிறான்.

"அப்பா! எங்க போறியள்? கதவு பூட்டியிட்டுதெல்லோ! அங்கயே நில்லுங்கோ, நான் வாறன்!"

"வராதை, தம்பி. நீ நேற்றுக் கேட்டனியெல்லோ, பிறகு என்ன நடக்குதெண்டு. பார்த்துக்கொண்டிரு."

வாங்குவரை இருநூற்றுப் பதினேழு காலடி. நாலு பஸ் போகும்வரை இருந்தேன். அதற்கு மேல் குளிர் தாங்க முடியவில்லை. திரும்பும்போது இருநூற்று நாற்பத்தொன்று, கால் சின்னதாகத்தான் விழுந்தது. மணியின் கமரா பார்க்க, மறைக்காமல், நாலு எண்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். கதவு திறந்தது. மணிக்குள் யாரோ நீளமாக மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

மாலையில் மகன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் வெளியே போகுமுன், கதவைக் காலால் தடுத்து வைத்துக்கொண்டு எண்களை அழுத்திப் பார்த்தேன். அவன் மாற்றியிருக்கவில்லை. காலை எடுத்துக் கதவைச் சாத்தியதும் மணி பேசியது.

"அப்பா, கையுறை."

இப்போதும் ஒவ்வொரு நாளும் பேசுகிறது. இதுவரை முப்பத்தெட்டு நாள். ஒரு நாளும் தவறவில்லை.