திரைக்குத் திரை ஓர் அம்பு

கண்ணுகளா, நீங்கள் இருவரும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். எனக்கோ வங்காளம் பேச வருமே தவிர எழுத வராது. அதனால் மெதுவாகவே படியுங்கள், அவசரமில்லை. அப்பா ஏன் இன்னும் சட்டையெல்லாம் தூசியாக வருகிறார், ஜாதவ்பூர் வகுப்புக்கு ஏன் போவதில்லை என்று அன்று சாப்பிடும்போது கேட்டீர்கள். வாயில் சோறு இருந்தது, உடம்பில் அலுப்பும் இருந்தது. "முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

கிடர்பூரில் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்க அலுவலகத்தில் காகிதம் போட்டு, துறைமுகத்திலிருந்து, அதாவது டாக்கிலிருந்து, வெளியே எடுத்துக் கொடுக்கும் கம்பெனி. அதில் நான் வெளிவேலைக்காரன். வெயிலோ மழையோ, டாக் கேட்டுக்கும் சரக்கு ஷெட்டுக்கும் சுங்க அலுவலகத்துக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் நடந்தேன். அப்போதுதான் முதலாளி ஒரு செய்தி சொன்னார். வாடிக்கையாளர்கள் தங்கள் சரக்கு எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்க்க ஓர் ஆப் வரப்போகிறது, அதில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்ய உள்ளே ஓர் ஆள் வேண்டும் என்றார். உள்ளே என்றால் நாற்காலி. தலைக்கு மேல் மின்விசிறி. எனக்கு வேண்டியது அந்த நாற்காலி மட்டும்தான்.

அதற்காகத்தான் ஜாதவ்பூரில் ஆப் செய்யச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். உங்கள் அம்மா தினமும் கேலி செய்வாள். "காலேஜ் போற தொரைக்கு டிபன் கட்டியாச்சு. பெஞ்சுல தூங்கிடாதீங்க, வாத்தியாரம்மா முட்டி போட வெச்சிருவாங்க."

"இந்த முட்டியையா? போட்டா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும்" என்பேன்.

வாத்தியாரம்மா உங்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். என்னைக் காகு, அதாவது சித்தப்பா என்று கூப்பிடுவார். வங்காளத்தில் பேசிக்கொள்வோம். ஆப் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய திரைகள் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். சரக்குப் பட்டியல் ஒரு திரை. அதில் ஒன்றைத் தொட்டால் சுங்க நிலவரம், அதைத் தொட்டால் லாரி விவரம். ஒவ்வொரு திரையின் தலையிலும் ஒரு பட்டை இருக்கும். அதில் கம்பெனி பெயரும், இடது ஓரத்தில் பின்னால் போக ஓர் அம்பும். அந்தப் பட்டையை ஒருமுறை தனியாகச் செய்து வைத்துக்கொண்டு, எல்லாத் திரையிலும் அதையே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

எனக்குப் புரியாமல் இல்லை. மனசுதான் ஒப்பவில்லை. சுங்கத்தில் நான் இத்தனை காலம் காகிதம் போட்டவன். அங்கே ஒவ்வொரு பிரதியும் முழுசாக இருக்க வேண்டும். 'மேற்படி' என்று ஒரு கட்டத்தில் எழுதினாலும் காகிதம் திரும்பி வந்துவிடும். அந்தந்த இடத்தில் எழுதாத எதுவும் இல்லாததற்குச் சமம் என்று கை பழகிவிட்டது. ஆகவே முதலாளிக்குக் காட்டவேண்டிய மாதிரி ஆப்பில், திரைக்குத் திரை பட்டையை முழுசாக எழுதினேன். எந்த அம்பு எந்தத் திரைக்குப் போகவேண்டும் என்று பெயர் போட்டே எழுதினேன்.

வாத்தியாரம்மா பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தார். "காகு, அம்புக்கு எதுக்கு ஊர்ப்பேரு? வந்த வழியில ஒரு திரை பின்னால போனா போதாதா?"

"பேரு போட்டிருந்தா தெளிவா இருக்கும்மா."

"நாளைக்கு எதையாவது மாத்தச் சொன்னா?"

"எல்லாத்துலயும் மாத்திடுவேன். எனக்கென்ன, பழகின வேலைதானே."

முதலாளிக்குக் காட்டிய அன்று, கணக்குப் பிரிவில் இருக்கும் பெண்ணும் தன் மாதிரியோடு வந்திருந்தாள். அவளுக்கும் அந்த இடம் வேண்டும். முதலாளி இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பட்டை பச்சையா இருக்கட்டும். சுங்கத்துக்கும் லாரிக்கும் நடுவுல சரக்கோட போட்டோ வர்ற மாதிரி ஒரு திரை போடுங்க. நான் சாய் குடிச்சிட்டு வர்றேன்" என்றார்.

அவள் ஒரே இடத்தில் நிறத்தை மாற்றினாள். புதுத் திரையைச் செருகினாள். முடித்துவிட்டுத் தானும் சாய் குடிக்கப் போய்விட்டாள். நான் ஒவ்வொரு திரையாகத் திறந்து மாற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

முதலாளி வந்து என் போனை வாங்கினார். பட்டியல், சுங்கம், போட்டோ, லாரி என்று உள்ளே போனார். லாரித் திரையில் மட்டும் பட்டை இன்னும் பழைய நீலமாகவே இருந்தது. அதன் அம்பைத் தொட்டார். போட்டோவுக்கு வராமல் சுங்கத்துக்குத் தாவியது. அந்த அம்பில் பழைய பெயரே இருந்தது. மறுபடி உள்ளே போய்த் தொட்டார், மறுபடியும் அதே தாவல்.

"என்ன மதராஸி பாபு, போட்டோவை நீங்களும் டாக் கேட்டுலயே பிடிச்சு வெச்சுட்டீங்களா? திரும்பி வரும்போது காணோமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கோபப்படவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துத் தோளில் தட்டினார். "டாக்ல உங்கள மாதிரி ஆள் எனக்குக் கிடைக்காது. நீங்க அங்கயே இருங்க." கேட்கப் பாராட்டு மாதிரிதான் இருந்தது. நாற்காலி அந்தப் பெண்ணுக்குப் போனது. அவள் நன்றாகச் செய்திருந்தாள், அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று மத்தியானமே ஒரு சரக்குக்காக ஷெட்டுக்கு நடந்தேன். வழியில் ஒரு லாரியின் நிழலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துர்கா பூஜைக்குத் துணி எடுக்க நீங்கள் அம்மாவோடு கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போயிருந்தீர்கள். கூட்டத்தில் நிற்க முடியாது என்று நான் வரவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்தேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் காட்டப் போவதுமில்லை. ஒவ்வொரு திரையிலும் நான் எழுதியிருந்த பட்டையை அழித்தேன். ஒரே ஒரு பட்டை செய்தேன். அதன் அம்புக்கு எந்தப் பெயரும் கொடுக்கவில்லை, ஒரு திரை பின்னால் போ என்று மட்டும் எழுதினேன். லாரித் திரை வரை போய் அம்பைத் தொட்டேன். போட்டோ வந்தது. அப்புறம் சுங்கம். அப்புறம் பட்டியல்.

சேமித்து மூடினேன். துணியால் துடைத்து, உறையில் போட்டு, நீங்கள் எடுக்க வசதியாக உங்கள் புத்தக அலமாரியில் கை எட்டும் தட்டில் வைத்தேன்.